விழித்திருந்து சொன்ன வினைச்சொற்கள்

மார்ச் 3, திங்கள்

மாலை வகுப்பில் மறுபடியும் நின்றுவிட்டேன்.

ஸ்பானிஷில் தனக்குத் தானே செய்துகொள்ளும் வினைகளை நடத்திக்கொண்டிருந்தேன். எழுந்துகொள்வது, கழுவிக்கொள்வது, உடுத்திக்கொள்வது. தமிழில் 'கொள்' செய்கிற வேலைக்கு அவர்கள் வினைக்கு முன்னால் ஒரு சின்னச் சொல்லை வைப்பார்கள். நான் என்றால் 'மே', நீ என்றால் 'தே', அவர் என்றால் 'சே', நாம் என்றால் 'நோஸ்'. எத்தனையோ வருடமாக இந்த முன்னறையில் நின்று இதைத்தான் கத்துகிறேன். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். மே லெவாந்தோ, தே லெவாந்தாஸ், சே லெவாந்தா – அடுத்தது வரவில்லை. வாய் திறந்திருக்கிறது, நாக்கு இருக்கிறது, சொல் இல்லை.

மாணவர்கள், தங்களைச் சொல்லச் சொல்கிறேன் என்று நினைத்து 'நோஸ் லெவாந்தாமோஸ்' என்று சேர்ந்து கத்தினார்கள். நல்லவேளை. 'வெரி குட்' என்று தலையாட்டித் தப்பித்துக்கொண்டேன்.

போன வாரம் அடுப்படியில் கரண்டியைக் கேட்க வாயெடுத்து 'அது, அது' என்று நின்றேன். என் வீட்டுக்காரர், "கரண்டிக்கே இப்படின்னா என் பேர் எப்போ மறக்கப்போற?" என்று கிண்டல் செய்தார். நானும் சிரித்தேன். இன்று சிரிப்பு வரவில்லை.

மார்ச் 5

அவரிடம் சொல்லிவிட்டேன். கிண்டல் இல்லை. எழுந்துபோய் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

மார்ச் 11

மூளையில் கட்டி. இடது பக்கம், பேச்சு இருக்கிற இடத்துக்குப் பக்கத்து வீடு.

டாக்டர் நிதானமான ஆள். படத்தில் வெள்ளையாக இருந்ததைப் பேனா முனையால் சுற்றிக் காட்டினார். எடுக்க வேண்டுமாம். விட்டால் வளருமாம். எடுக்கும்போது பேச்சு இருக்கிற இடத்தில் கை பட்டுவிடக் கூடாது, அதனால் பாதி ஆபரேஷனில் என்னை எழுப்பிவிடுவார்களாம்.

"எழுப்பின்னா?" என்றார் இவர்.

"முழிச்சிருப்பாங்க. பேசிக்கிட்டே இருப்பாங்க. மூளைக்கு வலி தெரியாதும்மா, பயப்படாதீங்க."

பயப்படாதீங்க! மண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பார்களாம், நான் பயப்படக் கூடாதாம்.

மார்ச் 12

வகுப்பை ரத்து செய்துவிட்டேன். நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்தேன்.

மார்ச் 14, வெள்ளி

இன்று பேச்சுத் தெரபிஸ்ட். சின்னப் பெண், அன்பாகப் பேசுகிறாள். ஆபரேஷன் எப்படி நடக்கும் என்று சொல்லிக் காட்டினாள். டாக்டர் ஒரு சின்னக் கம்பியால் மூளையில் லேசாகக் கரண்ட் கொடுப்பார். நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றாலோ தவறினாலோ, என் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருப்பவர் கையைத் தூக்குவார். கை தூக்கிய இடத்தில் டாக்டர் கத்தி வைக்க மாட்டார். அந்த இடத்தில் கட்டி இருந்தாலும் சரி, அதை அப்படியே விட்டுவிடுவார்.

தமிழுக்கு அவளே உட்காருவாள். படம் காட்டுவாள், நான் பெயர் சொல்ல வேண்டும். பிறகு கேட்டாள்: "வேற மொழி எதுல நீங்க தினமும் பேசுறீங்க?"

ஸ்பானிஷ் என்றேன். அவளுக்குத் தெரியாது. அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. இரண்டு மொழியும் ஒரே இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாதாம். ஒன்றைக் காப்பாற்றி ஒன்றை விட்டுவிடவும் வாய்ப்பு உண்டாம். நான் சொல்வது சரியா தப்பா என்று பார்க்க, ஸ்பானிஷ் தெரிந்த ஒருவரை நானே கூட்டி வர வேண்டும்.

"ஒண்ணுதான் மிஞ்சும்னா எது வேணும்னு டாக்டர் கேக்கலாம். யோசிச்சு வைங்க," என்றாள்.

இவர் பக்கத்தில் இருந்தார். "தமிழ்," என்று பட்டென்று சொன்னேன். வெளியே வந்ததும், "தமிழ் போச்சுன்னா நான் உங்கிட்ட எதுல சண்டை போடுவேன்?" என்றார். மெடிக்கல் ஷாப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

தமிழ் என்றது பொய்யில்லை. ஆனால் தமிழ் தானாக வந்தது. ஸ்பானிஷ் நான் சம்பாதித்தது. ஒவ்வொரு சொல்லையும் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டி வந்தேன். அதை எப்படி விடுவேன்? இதை யாரிடம் சொல்வது?

மார்ச் 17

ஆபரேஷனுக்கு யார் கூட வருவீர்கள் என்று வகுப்பில் கேட்டேன். நன்றாகப் படித்த நர்ஸ் பெண் போன மாதமே வெளிநாடு போய்விட்டாள். பயண ஏஜென்சிப் பையன் ரத்தம் என்ற சொல்லைக் கேட்டதுமே நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். மீதி நாலு பேர் தரையைப் பார்த்தார்கள்.

"நான் வரேன் மிஸ்."

சொன்னது யார் தெரியுமா? 'நாளைக்கு' அக்கா! மெத்தைக் கடையில் பில் போடுகிற அக்கா. வீட்டுப்பாடம் எங்கே என்றால் "நாளைக்கு மிஸ்" என்பதால் நான் மனதுக்குள் வைத்த பெயர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். மகள் கட்டிக்கொண்ட வீட்டில் எல்லோரும் ஸ்பானிஷ்தான். "சம்பந்தி கூட சண்டை போடணும்னா அவங்க பாஷையிலயே போடணும் மிஸ், இல்லன்னா உறைக்காது," என்று சொல்லித்தான் சேர்ந்தார்.

வகுப்பிலேயே மோசமான மாணவி. நானா, நீயா, நாமா, எல்லோருக்கும் 'சே'தான். கேட்பவர்கள், உலகத்தையே சலித்துக்கொள்கிறார் என்று நினைப்பார்கள். இந்த அக்கா கை தூக்கினால் டாக்டர் நிறுத்துவார். தூக்காவிட்டால் வெட்டுவார்.

வேறு ஆள் இல்லை.

மார்ச் 19

தினமும் மாலை வரச் சொல்லிவிட்டேன். கடை முடிந்து புதுத் துணி வாசனையோடு வருகிறார். நான் சோபாவில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறேன். என் முகத்துக்கு நேரே முக்காலி போட்டு அக்கா உட்கார்ந்துகொள்கிறார். எழுந்துகொள், குளித்துக்கொள், படுத்துக்கொள் என்று ஒவ்வொரு வினையாகச் சொல்கிறேன். நடுவில் வேண்டுமென்றே ஒரு தப்பு விடுகிறேன். வகுப்பிலும் அப்படித்தான் செய்வேன். தப்பைப் பிடிக்காதவர்கள் கேட்கவில்லை என்று அர்த்தம்.

ஆறு தப்பு விட்டேன். ஒன்றுதான் பிடித்தார்.

மார்ச் 21

மூன்று பிடித்தார். ஒரு சரியான வரிக்கும் கையைத் தூக்கினார். கோபத்தில், "அக்கா, இது உங்க மெத்தை பில் இல்ல, என் தலை!" என்று கத்திவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு அழுதேன்.

"பயமா இருக்கா மிஸ்?"

"ரொம்ப."

"எனக்கும்தான். மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க."

மார்ச் 24

இன்று எல்லாவற்றையும் பிடித்தார். ஒன்றுவிடாமல். முதலில் சந்தோஷம், பிறகு சந்தேகம். சில தப்பு என் வாயைவிட்டு முழுதாக வருவதற்கு முன்னாலேயே கண்ணில் சிரிப்பு வந்துவிடுகிறது. எப்படி? "எப்படிக்கா கண்டுபிடிக்கிறீங்க?" என்றால், "அது ஒரு இது மிஸ்," என்கிறார்.

பாடம் தெரிந்து பிடிக்கிறாரா, என்னைப் பார்த்துப் பிடிக்கிறாரா? என்னைப் பார்த்தென்றால், அங்கே நிஜமாகவே தவறும்போது என்ன செய்வார்?

மார்ச் 26

ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தலையை மழித்துவிட்டார்கள். இவர் தானும் மழித்துக்கொண்டு வந்து நிற்கிறார். சகிக்கவில்லை. சிரித்து சிரித்து இருமல் வந்துவிட்டது.

மார்ச் 27, வியாழன்

நாளை காலை ஆபரேஷன்.

பயப்படுவதும் ஸ்பானிஷில் தனக்குத் தானே செய்துகொள்வதுதான். மே அசுஸ்தோ. இன்று முழுக்க அதையே செய்துகொண்டிருக்கிறேன். செத்துப்போவதைவிட, எழுந்து உட்கார்ந்து இவர் முகத்தைப் பார்த்து ஒரு சொல்லும் இல்லாமல் இருப்பதை நினைத்தால்தான் பயம். இவர் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் வயதான அம்மா, "சாமி பேராம்மா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 2

பேனா பிடிக்கிறேன். கோணல்.

ஜன்னல். தண்ணி. தலகாணி. இவர்.

இவர் பெயர் வருகிறது. வருகிறது!

ஏப்ரல் 4

வாக்கியம் வருகிறது, மெதுவாக. பால் என்று சொல்ல நினைத்தால் மழை என்று வருகிறது. சில நாளில் சரியாகும் என்கிறாள் தெரபிஸ்ட். ஸ்பானிஷைத் தொட்டே பார்க்கவில்லை. பயம்.

ஏப்ரல் 8

தொட்டுப் பார்த்தேன். போர்வைக்குள், சத்தமில்லாமல். கழுவிக்கொள்வது – மே லாவோ, தே லாவாஸ், சே லாவா, நோஸ் லாவாமோஸ். இருக்கிறது. பிறகு உறங்கிப்போவது – அது வர ரொம்ப நேரமானது. ஆனால் வந்தது.

ஏப்ரல் 10

அக்கா வீட்டுக்கு வந்தார். புதுத் தலையணை ஒன்று கொண்டுவந்தார். கடையில் நல்ல ரகமாம்.

அன்று நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவு. குளிர். முகத்துக்கு மேலே கூடாரம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் துணி. அதற்குள் மாஸ்க்குக்கு மேலே அக்காவின் இரண்டு கண். ஒருமுறை சொல் அப்படியே நின்றதும், அக்கா கையை உயர்த்தியதும், "இங்க வேண்டாம்" என்று எங்கிருந்தோ டாக்டர் குரல் வந்ததும் ஞாபகம் இருக்கிறது. மீதியை இன்றுதான் அவரிடம் கேட்டேன்.

"ரெண்டு தடவை கை தூக்கினேன் மிஸ். ரெண்டும் நிஜம். மூணாவது ஒண்ணு வந்துச்சு. நீங்க நல்லா சொல்லிக்கிட்டே வந்து, திடீர்னு 'சே லெவாந்தாமோஸ்'ன்னீங்க."

நாம் என்றால் 'நோஸ்' வர வேண்டும். அது அக்கா வழக்கமாகச் செய்யும் தப்பு. அவரைப் பிடிக்க நான் வழக்கமாகப் போடும் தூண்டில்.

"நீங்க கை தூக்கினீங்களா?"

"இல்ல. 'மிஸ், இது கிளாஸ் இல்ல, ஒழுங்கா சொல்லுங்க'ன்னேன். டாக்டர் கத்தியை நிறுத்திட்டு 'என்னம்மா?'ன்னார். 'ஒண்ணுமில்ல டாக்டர், டீச்சர் என்னை சோதிக்கிறாங்க'ன்னேன். 'நிச்சயமா?'ன்னார். நிச்சயம்னேன். நீங்க உடனே சரியா சொல்லிட்டீங்க. அவரும் வேலையைப் பார்த்தார்."

மண்டை திறந்து கிடக்க, அங்கேயும் வாத்தியார் வேலை பார்த்திருக்கிறேன்! சோபாவில் பழகிய மாதிரியே அவர் கை தூக்கியிருந்தால் அந்த இடத்துக் கட்டி அப்படியே உள்ளே இருந்திருக்கும். நிஜத் தப்பாக இருந்து அவர் தூக்காமல் விட்டிருந்தால்?

"எப்படிக்கா அவ்ளோ தைரியமா சொன்னீங்க? நான் உண்மையிலேயே தடுமாறியிருந்தா?"

சிரித்தார். "உங்க சுண்டுவிரல் மிஸ். இடது கை. நீங்க வேணும்னே தப்பு விடுறப்போ அது கொஞ்சம் தூக்கிக்கும். டீ குடிக்கிற துரை மாதிரி. நிஜமா நின்னுபோனப்போ ரெண்டு தடவையும் விரல் ஆடவே இல்ல."

இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. இவருக்கும் தெரியாது. என் விரலை நானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 21

டாக்டர் படம் காட்டினார். பெரும்பகுதி போய்விட்டது. கை தூக்கிய இடத்தில் ஒரு கீற்று இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். "இப்போதைக்கு நல்ல செய்திதான்," என்றார். அந்த 'இப்போதைக்கு' ஆட்டோவில் எங்களோடு ஏறி வீடுவரை வந்தது.

மே 12, திங்கள்

முதல் வகுப்பு. தலையில் துணி கட்டிக்கொண்டேன். ஐந்து பேர். ஏஜென்சிப் பையன் பூ வாங்கி வந்து என்னைப் பார்க்காமல் மேசையில் வைத்தான். இவர் கதவுக்குப் பின்னால் பேப்பர் படிக்கிற மாதிரி நின்றிருந்தார். பக்கத்தையே புரட்டவில்லை.

விட்ட இடத்திலிருந்தே தொடங்கினேன். எழுந்துகொள்வது. மே, தே, சே, எல்லாம் ஒழுங்காக வந்தது. உடம்பு லேசாகிவிட்டது. இரண்டாவது வினை, மூன்றாவது. ஏதோ ஓர் இடத்தில் அறை அமைதியானதைப் பார்த்தேன். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏஜென்சிப் பையன் புத்தகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

என் இடது கை மேசைமேல் இருந்தது. ஐந்து விரலும் பலகையில் அப்பிக் கிடந்தன.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் கையை உயர்த்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பார்த்தீங்களா? மிஸ் வேணும்னே தப்பு விட்டு நம்மளைப் பிடிக்கிறாங்க. 'நோஸ்' வரணும், சரிதானே மிஸ்?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் பேப்பர் புரண்டது.

"சரிதான்," என்றேன். "அக்கா மட்டும்தான் கவனிக்கிறீங்க."

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அவர் மட்டும் நின்றார். நான் அந்த வரியை மறுபடி சொல்வதைக் கேட்க முக்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்துகொண்டார். வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டேன்.

"நாளைக்கு மிஸ்," என்றார்.