வசனம் இல்லாத காட்டேரி

அன்புள்ள பூச்சிக்கு,

அம்மா எழுதுவது. அங்கே குளிர் விட்டிருக்கும், உன் இருமலும் அதோடு கிளம்பியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். அப்பா காலையில் மூன்று மாடி இறங்கி பேப்பர் வாங்கி வருகிறார், தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறார், என் முழங்கால் வலி பழையபடியே இருக்கிறது. இதைச் சுகம் என்று நீயே எடுத்துக்கொள். போனில் சொல்லாமல் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புவது ஏன் என்று உனக்குத் தெரியும். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று கிசுகிசுத்தாலும் அவருக்குக் கேட்டுவிடுகிறது. தவிர, இந்த மாதிரி விஷயங்களை எனக்குப் பேச வராது. ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டாரா இல்லையா என்று கடைசிப் பக்கத்துக்குத் தாவிப் பார்க்காதே, அந்தக் குணம் உனக்கு உண்டு. பயப்படும்படி ஒன்றும் எழுதப் போவதில்லை, ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கோபமாகக் கேட்டாய், "அப்பாவுக்குத் தொண்டைல கட்டி, டாக்டர் நாள் குறிக்கச் சொல்றாங்க, நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேய்ப் படம் பாத்திட்டிருக்கீங்களாம்மா?" என்று. ஆமாம், பேய்ப் படம்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ கேட்டதில் தப்பே இல்லை. எனக்கே படம் பார்த்த நேரமெல்லாம் அதே கேள்விதான் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா தாளில் படம் வரைந்து காட்டியதை உன்னிடம் சொல்லியிருக்கிறேன். குரல்வளையில் பாதியை விட்டுப் பாதியை எடுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது, மொத்தமாக எடுத்துவிட்டால் மனுஷன் நன்றாக இருப்பார், குரல் மட்டும் இருக்காது, கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுவார், தள்ளிப்போட்டால்தான் உயிருக்கு ஆபத்து. அப்பா அதைக் கேட்டுவிட்டு, "இத்தனை வருஷம் அடுத்தவன் கழுத்துல ஓட்டை போட்டேன் டாக்டர், இப்ப என் முறை" என்றார். ரத்தக் காட்டேரிக்குக் குரல் கொடுத்த ஆள் இவர் என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். அதற்குப் பிறகுதான் சிரித்தார், அதுவும் மரியாதைக்கு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "அந்தம்மா எடுக்கிறேன்னு சொல்றது தொண்டையை இல்ல, என்னை" என்றார். நான் என்ன செய்வேன், எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். எத்தனை பேருக்கு இந்த ஆபரேஷன் செய்திருக்கிறார்கள், எத்தனை பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று தேடிப் படித்து அவர் முன்னால் வைத்தேன். "நீ தண்ணிக்குச் சொல்ற ரிசல்ட்டை எனக்குச் சொல்லாதே" என்று எழுந்து போய்விட்டார். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் எனக்கு ஒரு மனுஷனைச் சம்மதிக்க வைக்கத் தெரியவில்லை. நீ போனில் அழுதபோதும் அப்பா அதேபோலத்தான் நழுவினார், "சிக்னல் சரியில்லை பூச்சி, வெச்சிடறேன்" என்று. சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த நிலையில்தான் பாம்புக்காது மாமா வந்தார். உனக்கு அவரை நினைவிருக்கும், டப்பிங் தியேட்டரில் ஒலிப்பதிவு செய்தவர், ஒரு எழுத்து மூக்கில் போனாலும் கண்டுபிடித்து "இன்னொரு டேக்" என்பார், அதனால் அந்தப் பெயர். ஆறுதல் சொல்ல வந்தவர் ஒரு ஆறுதலும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து டிவியில் செருகி, "காட்டேரிப் பிரபுங்க மூணு பேரும் இதுல இருக்காங்க, யாரை முதல்ல எழுப்பலாம்?" என்றார். நீ நாலைந்து வயதாக இருக்கும்போது அப்பா நம் மொழியில் பேசிய அந்தப் பழைய படங்கள். ஒரே காட்டேரிப் பிரபு, வெவ்வேறு காலத்தில் எடுத்த மூன்று படங்கள், மூன்று நடிகர்கள், குரல் மட்டும் அப்பாவுடையது. டிவியில் ஓடும்போது நீ அப்பா மடியில் உட்கார்ந்து அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பார்ப்பாய். வாய் மூடியிருக்க, குரல் டிவியிலிருந்து வருகிறதே என்று உனக்குத் திகில். பேயைவிட அதுதான் உன்னைப் பயமுறுத்தியது. நான் அப்போது உள் அறையில் ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். செத்தவன் சவப்பெட்டியைத் திறந்துகொண்டு எழுந்து வருவதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. இந்தத் தடவை உட்கார்ந்தேன்.

மூன்று பேரையும் அடுத்தடுத்துப் பார்த்ததில் ஒன்று சொல்ல வேண்டும், ஒரே ஆளாகத் தெரியவே இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் வருகிறவன் சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசுகிறான், விருந்துக்கு வந்த வீட்டில் நாற்காலியைச் சோதித்துவிட்டு உட்காருகிறவனைப் போல. தலை வாரியது கலையவே கலையாது. அவன் பயமுறுத்துவதைவிட மரியாதை காட்டுவதில்தான் கவனமாக இருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அப்பாவுக்கு அவன்தான் உயிர், ஒவ்வொரு இடைவெளியிலும் உதட்டசைவுக்குப் பொருந்த எப்படி மூச்சைப் பிடித்தேன் என்று அந்தக் கரகரத்த குரலில் விளக்கிக்கொண்டே வந்தார். அடுத்தவன் வழுக்கைத் தலை, எலிப்பல், நீண்ட நகம். இவனைப் பார்த்து யாரும் மயங்க முடியாது. ஆனால் சாக முடியவில்லையே என்று அவன் ஒரு பெண்ணிடம் சொல்லும் இடம் இருக்கிறது, காய்ச்சல்காரன் தண்ணீர் கேட்பதைப் போலச் சொல்கிறான். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை, உனக்குத் தெரியும். இருந்தும் அந்த இடத்தில் நான் டிவியைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், விளக்கம் ஒன்றும் வரவில்லை.

மூன்றாவது ஆள்தான் நெட்டை. கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், கண் இரண்டும் சிவப்பு. அந்தப் படத்தை டப்பிங் செய்து வெளியிட வாங்கி வந்தவர் தியேட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்ததாம், முதலிலிருந்து கடைசிவரை பிரபுவுக்கு ஒரு வசனம்கூட இல்லை. சீறுவான், அவ்வளவுதான். "பேசாத பிசாசை எவன் பாப்பான்?" என்று அவர் தலையில் கைவைத்துவிட்டார். இவர்கள் கண்டுபிடித்த வழியைக் கேள். வாய் தெரிகிற இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அவன் முதுகைக் காட்டித் திரும்பினால், போர்வையால் முகத்தை மறைத்தால், தூரத்தில் படிக்கட்டில் நின்றால், அங்கேயெல்லாம் பேச்சைச் செருகிவிட்டார்கள். பாதி வசனம் அப்பாவே மைக் முன்னால் நின்று இட்டுக்கட்டியது. "முதுகைக் கண்டா விடமாட்டோம் அண்ணி" என்றார் பாம்புக்காது. ஆக, முகத்தைக் காட்டினால் ஊமை, முதுகைக் காட்டினால் வாயாடி. அந்தப் பெண்ணை முறைத்துக்கொண்டு வாயே திறக்காமல் நிற்கிறவன், அவள் பக்கம் முதுகைத் திருப்பியதும் "நூறு வருஷமா உனக்காகத்தான் காத்திருக்கேன்" என்று ஆரம்பித்தான். நான் சிரித்த சிரிப்பில் டீ என் புடவை மேல் கொட்டியது. அவர்கள் இரண்டு பேரும் என்னைவிட அதிகமாகச் சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் அப்பா, "சத்தத்தைக் குறைடா" என்றார். அப்புறம், "சுத்தமா எடுத்துடு" என்றார். தன் பழைய குரலைக் கேட்கப் பொறுக்கவில்லை போலும் என்று நினைத்து நான் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "நீ உக்காரு" என்றார். முதலிலிருந்து போடச் சொன்னார். சத்தம் இல்லாமல் அந்த நெட்டை படிக்கட்டின் மேலே வந்து நின்றான். கீழே ஒரு பெண். அவன் ஒன்றும் செய்யவில்லை. திரும்பி நின்றான், தோள் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான், அவன் கிளம்பப் போகிறான் என்று அவளுக்கும் புரிகிறது நமக்கும் புரிகிறது. பிறகு பின்பக்கமாகவே ஒரு கையைத் தூக்கினான். அவள் படியேறி வந்தாள். சற்று முன் அதே இடத்தில்தான் நூறு வருஷம் காத்திருந்த கதையைக் கேட்டோம். அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "டேய், இவன் முதுகுலயே நடிச்சிருக்கான்டா. நாம அது மேல ஏறி உக்காந்து பேசிட்டோம்" என்றார். பாம்புக்காது விடவில்லை, "காசு குடுத்தவன் பேசச் சொன்னான், பேசினோம். இப்ப என்ன, பெட்டியைத் திறந்து அவன்கிட்ட மன்னிப்பு கேக்கணுமா?" என்றார். அப்பா அதற்குச் சிரிக்கவில்லை. "இவனுக்கு நான் தேவையே படலைடா" என்றார். வருத்தமாகச் சொன்ன மாதிரி எனக்குப் படவில்லை. நல்ல தச்சன் அடுத்தவன் செய்த மேஜையைத் தடவிப் பார்த்துச் சொல்வதைப் போல இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து அவர் பேசவில்லை. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். டீ வேண்டுமா என்றேன், புருவத்தைத் தூக்கினார். சட்டைப் பொத்தான் தைக்க வேண்டும் என்பதை, சட்டையைப் பிடித்துக்கொண்டு அநாதையைப் போல முகத்தை வைத்துக் கேட்டார். கீழ் வீட்டுத் தையல்காரம்மா மேலே வந்து, "சார் என்னைப் பாத்து நெஞ்சுல கைவெச்சுத் தலையை மட்டும் குனிஞ்சிட்டுப் போறாரு, என் மேல ஏதாவது வருத்தமா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பேப்பர் கடையில் சில்லறை பாக்கியை விரலால் கேட்டு வாங்கி வந்ததாகப் பிறகு தெரிந்தது. மத்தியானம் நான் அறையில் தண்ணீர் மாதிரிகளின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வாசலில் நிழல் தட்டியது. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பின்பக்கமாகவே ஒரு கையை மெல்லத் தூக்கினார். நான் எழுந்து போனேன். அதை உன்னிடம் எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுந்து போனேன் என்பது உண்மை. என்ன விஷயம் என்றால், சமையலறைக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார், வாயைத் திறந்தார். "பேசாமலே ஒரு நாள் ஓடிடுச்சு. டாக்டரம்மாகிட்ட புதன்கிழமைன்னு சொல்லிடு" என்றார்.

படம் பார்த்ததால்தான் மனம் மாறினார் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்து நான் எதையும் நம்புவதில்லை. நீ அழுததும் காரணமாக இருக்கலாம், இரண்டாவதாகப் பார்த்த டாக்டரும் அதையே சொன்னதும் காரணமாக இருக்கலாம். காரணம் எதுவானாலும் புதன்கிழமை என்று ஆகிவிட்டது. பாம்புக்காது மறுபடி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் டப்பிங் தியேட்டருக்கு வந்து நாலு வார்த்தை பதிந்து வைத்துவிடு, பெண்ணுக்கு இருக்கும் என்று கெஞ்சினார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. அப்பா வேண்டாம் என்றுவிட்டார். "அவ சின்ன வயசுல என் வாயைப் பொத்திப் பாத்தவ. வாய் மூடியிருக்கும்போது வேற எங்கிருந்தோ என் குரல் வந்தா அவளுக்குப் பிடிக்காது" என்றார். உன்னைக் கேட்காமல் உன் சார்பில் முடிவெடுத்திருக்கிறார். தப்பு என்றால் அவரிடமே சண்டை போடு.

உனக்கு நான் சொல்வது, விடுப்பு கிடைத்தால் வா. நான் சமாளித்துக்கொள்வேன் என்று எழுதி, அடித்துவிட்டேன், மேலே கிறுக்கியிருப்பது அதுதான். நீ வந்தால் எனக்கு நன்றாக இருக்கும். கிடைக்காவிட்டால் அதற்காக வேலையிடத்தில் யாரிடமும் கோபத்தைக் காட்டாதே. நேரத்துக்குச் சாப்பிடு. ஈரத்தலையோடு வெளியே போகாதே, இருமல் திரும்பி வரும், தொண்டை விஷயம் என்றால் இப்போதெல்லாம் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கட்டாயம் கூப்பிடு. அவர் பேசுவார். பெரிதாக ஏதும் சொல்லச் சொல்லி அவரைக் கேட்காதே, வழக்கம்போல மழை பெய்கிறதா, பஸ் கிடைத்ததா என்று கேட்கட்டும்.

நீ நல்லபடியாக இரு, நினைத்தது நடந்து நிறைவாக இரு. இதற்குமேல் ஆசீர்வாதம் எழுத எனக்கு வராது, ஆனால் இவ்வளவும் மனதாரத்தான். கடைசியாக ஒன்று. காயம் ஆறியதும் உன்னோடு போனில் பேசுவேன் என்கிறார். எப்படி என்றால் நகத்தால் போனைத் தட்டுவாராம், ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. தட்ட மறந்துபோகும் நேரமும் இருக்கும், உன்னைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிடுவார். அதனால் இந்தப் பக்கம் சத்தமே வரவில்லை என்றால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. அங்கேதான் இருப்பார். நீ பேசிக்கொண்டே இரு.

என்றும் உன்,
அம்மா