குரல் இல்லாத இரண்டு மாதங்கள்

நேற்று இருமலுக்கு ஏதாவது வாங்கலாம் என்று மார்க்கெட் பக்கத்து நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதிமதுர டப்பாவைத் திறந்தார். அந்த இனிப்பு வாசனை மூக்கில் ஏறியதும் என் கை தானாகத் தொண்டைக்குப் போனது. வாங்க வந்ததையே மறந்து நின்றுவிட்டேன். "இன்னாம்மா, எவ்ளோ போடட்டும்?" என்று அவர் மறுபடியும் கேட்ட பிறகுதான் தெளிந்தேன். அதற்குள் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய், கரும்பலகைக்கு முன்னால் பேச்சில்லாமல் நின்று, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. ஆசிரியை போன பிறகு மாணவி நினைத்து எழுதுவதுதான் முறை. நம் விஷயத்தில் அது தலைகீழாகிவிட்டது. எண்பது தாண்டிய நான் இருக்கிறேன். எழுபதைத் தொட்ட நீ இல்லை. உன்னிடம் நேரில் சொல்லாமல் விட்டது நிறைய. அதனால் நானே எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. தாம்பரத்தில் அந்தப் பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. லீவில் போன ஒரு டீச்சருக்குப் பதிலாகத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். அப்பா இறந்துவிட்டிருந்தார். அம்மாவும் தம்பியும் என் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். உங்கள் பத்தாம் வகுப்புக்குச் சரித்திரமும் பூகோளமும் நடத்தினேன். நடத்தினேன் என்றால், ஒரு மணியிலிருந்து அடுத்த மணி வரை நான் பேசுவேன், நீங்கள் கேட்பீர்கள். ரயில் போகும்போது இன்னும் உரக்கப் பேசுவேன். நல்ல டீச்சர் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்த வாரம் தொண்டை கம்மியது. மிளகுக் கஷாயம், பனங்கற்கண்டு, அதிமதுரம் என்று எதைப் போட்டும் சரியாகவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசம் பேசக் கூடாது. ரகசியம்கூடப் பேசக் கூடாது. பேசினீங்கன்னா இந்தக் குரல் திரும்பி வராது" என்றார். பிறகுதான், "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். டீச்சர் என்று அம்மா சொன்னதும் அவர் பேனாவை மூடி வைத்துக்கொண்டார்.

தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்று நீங்கள் சொல்வீர்களே, அவர் கெட்டவர் இல்லை. "டெம்பரரி போஸ்டுக்கு ரெண்டு மாசம் லீவ் கொடுக்க ரூல் இல்லம்மா. வாங்க, கிளாஸ்ல உக்காருங்க. போர்டுல எழுதிப் போடுங்க. ஆனா பாடம் நடக்கலேன்னா நான் வேற ஆள் பாக்கத்தான் வேணும்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வகுப்பில் நுழைந்து கரும்பலகையில், "என்னால் பேச முடியாது. பருவக்காற்றுப் பாடத்தை மௌனமாக வாசியுங்கள்" என்று எழுதினேன். அப்புறம் குசுகுசுப்பு, சிரிப்பு, பெஞ்சு இழுபடும் சத்தம். கடைசி பெஞ்சிலிருந்து நீ எழுந்து நின்றாய். பள்ளியிலேயே அதிகம் பேசுகிறவள் என்று பெயர் வாங்கியவள் நீ. உன் அப்பாவுக்கு ரயில்வே ஷெட்டில் வேலை. வீட்டில் பேசுகிற மெட்ராஸ் பாஷையை வகுப்பிலும் கூச்சமில்லாமல் பேசுவாய்.

"டீச்சர், தொண்டை கட்டிகிச்சா?"

தலையாட்டினேன்.

"மௌனமா வாசிச்சா எவ வாசிக்கிறா, எவ தூங்கறான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சத்தமா வாசிக்கட்டா?"

என் பதிலுக்குக் காத்திராமல் முன்னால் வந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டாய். உனக்கு வாசிப்பு சரளமாக வராது. "வடகிழக்குப் பருவக்காற்று" என்பதிலேயே இரண்டு முறை தடுக்கினாய். ஒரு பத்தியை எப்படியோ முடித்துவிட்டுப் புத்தகத்தைத் தாழ்த்தி, "இதுல இன்னா சொல்லிகீறாங்கன்னா" என்று ஆரம்பித்தாய். வகுப்பே சிரித்தது. சிரிப்பை அடக்க நான் கையை உயர்த்தினேன். நீயோ, மேலே சொல் என்று நான் சைகை காட்டுவதாக எடுத்துக்கொண்டாய்.

"காத்து சும்மா வரல. கடலாண்ட இருந்து தண்ணியத் தூக்கிகினு வருது. நம்ம பக்கம் தரைக்கு வந்ததும் கொட்டிட்டுப் பூடுது. அதான் இப்ப ஊத்திகினு கீது."

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சிரித்தவர்கள் திரும்பி அதைப் பார்த்தார்கள். முன் வரிசைப் பெண் ஒருத்தி, "அப்ப ஆடி மாசம் அவ்வளவு காத்து அடிக்குதே, அது ஏன் மழை கொண்டு வரல?" என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். எனக்கு விடை தெரியும். நாக்கு நுனியில் நின்றது. சாக்பீஸை எடுத்து எழுதப் போனேன்.

"எழுதாதீங்க டீச்சர், கையும் பூடப் போவுது. எந்த புக்குல கீதுன்னு மட்டும் காட்டுங்க. நாங்க பாத்துக்கறோம்."

இதைவிடப் பெரிய வார்த்தையை எந்தக் கல்வி அதிகாரி சொல்லியும் நான் பின்னாளில் கேட்கவில்லை. அன்று எனக்கு அது அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் பட்டது. கண்டிக்கக் குரல் இல்லை. குரல் இருந்திருந்தால் உன்னை உட்கார வைத்திருப்பேன். பருவக்காற்று பற்றி நானே ஒரு பிரசங்கம் செய்திருப்பேன். எல்லாம் பழையபடி போயிருக்கும்.

நான் காட்ட வேண்டிய புத்தகம் ஆசிரியர் அறைக் கண்ணாடி பீரோவில் இருந்தது. அதன் சாவி பெரிய டீச்சரிடம். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கேட்டேன். "பிள்ளைங்க கையில் கொடுத்தா கிழிச்சிடும்மா" என்றார். நான் நகராமல் நின்றேன். பேச முடியாதவள் முன்னால் நிற்கும்போது எதிராளிக்குச் சங்கடமாக இருக்கும் போலும். மேஜை டிராயரைத் திறந்து சாவியைக் கொடுத்துவிட்டார்.

பீரோவைத் திறந்ததும் பூச்சி உருண்டை நெடியடித்தது. சில புத்தகங்களின் பக்கங்களே பிரிக்கப்படாமல் ஒட்டியிருந்தன. நீதான் அடி ஸ்கேலை விட்டு மெதுவாகப் பிரித்தாய். "பாவம் டீச்சர், இத்த யாருமே தொறந்து பாக்கல" என்று ஏதோ பூட்டி வைத்த குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாய்.

அதன் பிறகு வகுப்பு தானாக ஒரு வழிக்கு வந்தது. பாடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டீர்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பகுதியை வாசித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். மாட்டிக்கொண்டால் என்னிடம் வருவீர்கள். நான் புத்தகத்தையும் பக்கத்தையும் காட்டுவேன். தப்பாகப் புரிந்துகொண்டதும் உண்டு. ஒரு பெண் கொடைக்கானலை ஊட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். நான் துடித்தேன். ஆனால் அடுத்த நாள் இன்னொருத்தி வரைபடத்தோடு வந்து சண்டை போட்டுத் திருத்தினாள். ஆசிரியையாக அதுவரை நான் சரியாகக் காது கொடுத்து ஒரு பெண்ணையும் கேட்டதில்லை என்பது அந்த நாட்களில்தான் எனக்குப் புரிந்தது. யார் மனப்பாடமாக ஒப்பிக்கிறாள், யாருக்கு உண்மையாகப் பிடிபட்டது என்பது குரலிலேயே தெரிந்தது.

ஒருநாள் நீ கேட்டாய்: "புக்குல எல்லா ஊருக்கும் ஆறு போட்டுகீது. நம்ம பக்கம் ஏரிதான கீது? அத்தப் பத்தி ஏன் ஒரு வரிகூட இல்ல?"

அந்தக் கேள்விக்கு எனக்கே விடை தெரியாது. உதட்டைப் பிதுக்கினேன். டீச்சருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்றதும் வகுப்புக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ! செங்கல்பட்டு ஜில்லா பற்றிய ஒரு பழைய தடிப் புத்தகத்தைப் பீரோவின் அடித்தட்டிலிருந்து நீ எடுத்தாய். ஏரிகள் ஒன்றுக்கொன்று தொடுத்தாற்போல் வெட்டப்பட்டவை, ஒன்று நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்ததற்குப் போகும் என்று அதில் இருந்தது. நம்பவில்லை நீங்கள். சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று அவரவர் ஊர் ஏரியைப் பார்த்து வரவேண்டும் என்று உங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டீர்கள். திங்கட்கிழமை சேறு அப்பிய பாவாடை ஓரங்களோடு வந்தீர்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு வகுப்புத் தரை முழுக்கச் சாக்பீஸால் ஏரிகளை வரைந்தீர்கள். சேலையூர் தண்ணீர் இராஜகீழ்ப்பாக்கத்துக்கு, அங்கிருந்து செம்பாக்கத்துக்கு, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு.

அந்த நேரம் பார்த்துப் பெரிய டீச்சர் வாசலில் வந்து நின்றார். ஒரு பெண்ணின் தகப்பனார் வந்து, டீச்சர் வாயே திறப்பதில்லை, பிள்ளைகளே பாடம் நடத்துகிறார்கள் என்று முறையிட்டுவிட்டுப் போயிருந்தார். தரையில் மண்டியிட்டிருந்த உங்களைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. என் வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"என்ன நடக்குது இங்க?"

நீ எழுந்தாய். அவரோ உன்னை விட்டுவிட்டு, எப்போதும் தலை குனிந்தே இருக்கும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். அவள் ஏரிகளின் வரிசையை மெல்லிய குரலில் சொல்லி முடித்தாள். "சரி, இதெல்லாம் யார் வெட்டினது, எப்போ வெட்டினது?" என்று கேட்டார் பெரிய டீச்சர். அவளுக்குத் தெரியவில்லை. வழக்கமாக அழுதுவிடுவாள். அன்று, "தெரியல டீச்சர். கொஞ்சம் இருங்க, பாத்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் இருந்த தடிப் புத்தகத்தை எடுத்துப் பொருளடக்கத்தில் விரலை ஓட்டத் தொடங்கினாள். பெரிய டீச்சர் பொறுமையாகக் காத்திருந்தார். அவர் யாருக்காகவும் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

போகும்போது உன்னிடம் மட்டும் ஒன்று சொன்னார்: "நீ பாடம் சொல்றப்ப கீது, கீதுன்னு சொல்றியாமே. இருக்கிறதுன்னு சொல்லணும்."

"எழுதறப்போ இருக்கிறதுன்னு எழுதறேன் டீச்சர். சொல்றப்போ கீதுன்னாதான் இவளுங்களுக்குப் புரியுது."

அவர் வாய்க்குள் சிரித்ததை நான் பார்த்தேன். பீரோச் சாவியை அவர் திருப்பிக் கேட்கவே இல்லை. அடுத்த வருஷம் எனக்கு அந்தப் பள்ளியிலேயே நிரந்தர வேலை கிடைத்தது.

மார்கழியில் என் குரல் திரும்பியது. சந்தோஷத்தில் அன்று பழையபடி பேசித் தள்ளினேன். நீங்கள் எல்லாரும் மரியாதையாகக் கேட்டீர்கள். கொஞ்ச நேரம் பொறுத்து நீ எழுந்து, "டீச்சர், நல்லாத்தான் சொல்றீங்க. மீதிய நாங்க பாத்துக்கட்டா?" என்றாய். ஒரு கணம் முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி உட்கார்ந்ததுதான் என் உத்தியோகத்தின் தொடக்கம் என்று சொல்வேன்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நீ தேறினாய். உன்னைக் கல்லூரியில் சேர்க்கும்படி கேட்க உங்கள் வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா எனக்கு நாற்காலி போட்டுவிட்டு நின்றுகொண்டே பேசினார். "நீங்க வந்ததே பெரிசு டீச்சர். ஆனா கூடுவாஞ்சேரியில ஒரு நல்ல வரன் வந்துகீது. இவளுக்கப்புறம் ரெண்டு பொண்ணு கீது. நான் இன்னா பண்றது, சொல்லுங்க" என்றார். நான் மேலும் வாதாடினேன். கதவுக்குப் பின்னாலிருந்து நீ, "வுடுங்க டீச்சர். எங்க போனாலும் நான் படிப்பேன்" என்றாய். அழுதுகொண்டே சொன்னாய். திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அது திறந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் இந்தப் பக்கமே நின்றிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில், கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது உன் வீட்டைத் தேடி வந்தேன். முன்னறையில் தெருப் பிள்ளைகள் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். நீ முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "எனக்குப் புரியலடா, நல்லா வெளங்கறாப்ல சொல்லு" என்று ஒரு பையனைக் கேட்டுக்கொண்டிருந்தாய். அவன் உனக்குப் பின்னங்களைப் பாடுபட்டு விளக்கிக்கொண்டிருந்தான். "டியூஷனா?" என்று கேட்டேன்.

"அய்யோ, நான் ஒண்ணும் சொல்லித் தரல டீச்சர். நீங்க அன்னிக்கிப் பேசாம உக்காந்துகினு இருந்தீங்க இல்ல? அத்ததான் நானும் பண்றேன்."

நான் உன்னிடம் கற்றதை நீ என்னிடம் கற்றதாகச் சொன்னாய். திருத்த வேண்டும் என்று தோன்றியது. காபி வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது. அந்த வருஷமே நீ தபாலில் பி.ஏ. படிக்கத் தொடங்கியிருப்பதாகவும் சொன்னாய். "சரித்திரம்தான் டீச்சர்" என்றபோது உன் கண் மின்னியது. அதை முடிக்க உனக்குப் பல வருஷம் ஆயிற்று. ஆனாலும் முடித்தாய்.

உன் காரியத்தன்று உன் மகள் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னாள். எழுந்து நின்றேன். எதிரே உன் முன்னறைப் பிள்ளைகள், நரைத்த தலைகளோடு நிறையப் பேர் இருந்தார்கள். சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. ஆனால், "அவ உங்களோட எப்படி இருந்தா, நீங்க சொல்லுங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். பிறகு ஒருவர் தொடங்கினார். சாயங்காலம் வரை பேசினார்கள். எனக்குத் தெரியாத உன்னை அன்று முழுக்கக் கேட்டேன்.

இப்போது மாடி வீட்டுச் சிறுமி சாயங்காலங்களில் புத்தகத்தோடு வருகிறாள். ஒரு வரியில் தடுக்கி நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். விடை என் வாய்வரை வந்துவிடுகிறது. இத்தனை வயதிலும் அதை அடக்குவது எளிதாக இல்லை. அடக்கிக்கொள்கிறேன். அவள் என்னை விட்டுவிட்டுப் பக்கத்தைப் பின்னால் திருப்புகிறாள், உதடு அசைய வாசிக்கிறாள், நெற்றியைச் சுருக்குகிறாள். பிறகு, "பாட்டி, இது என்னன்னா..." என்று ஆரம்பிக்கிறாள். நான் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு கேட்கிறேன்.