மணி அடித்ததும் கைதட்டல்

மூத்தவனுக்கு,

அன்றைக்கு நூலக மாடியில் இருந்தவர்கள்: தையல்காரர், பல் டாக்டர், பஸ் டிரைவர், சம்பளமில்லாமல் கூட்டம் நடத்தும் உன் பெண்டாட்டி, கதவோரம் நீ.

ஆளுக்கு ஐந்து நிமிஷப் பேச்சு. மணி அடித்தால் எல்லாரும் கைதட்ட, பேசுகிறவர் இறங்கிவிட வேண்டும். மணி உன் பெண்டாட்டி கையில்; டாக்டருக்கே அடித்தாள். "இப்ப நீங்க வாயை மூடுங்க டாக்டர்!" என்றார் டிரைவர்.

நான் உன் அப்பாவின் கடைசி நாளைப் பேசினேன். நீ வராத நாள். உன்னிடம் சொல்லச் சொல்லி அவர் சொன்ன வார்த்தைக்கு வந்தேன், மணி அடித்துவிட்டது.

"அத்தை முடிக்கட்டும்" என்று அவளே கையைத் தூக்கினாள். அதற்குள் கைதட்டல்.

அவர் சொன்னதை இதிலும் எழுதவில்லை. மணி அடித்தவளை மன்னித்தேன், கூடத் தட்டியவர்களையும். முதலில் தட்டியது நீ. உன்னை மன்னிக்கமாட்டேன்.

அம்மா