ஆயாவுக்கு ஒரு வண்டி ஓட்டற கம்ப்யூட்டர்

அடி அண்ணாமலை
10.6.2004

அன்புள்ள பேரன் மாறனுக்கு ஆயா ஜோதியம்மாள் எழுதறது. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீ வேளைக்குச் சாப்பிடறியான்னு எழுது.

அன்னைக்கு யார் யார் இருந்தாங்கன்னு முதல்ல எழுதிடறேன். நீ மறந்திருப்பே, நான் மறக்கல. நாலு வருஷம் முன்ன, சித்ரா பௌர்ணமி சாயங்காலம், நம்ம வாசல். உங்கப்பன் ராமகிருஷ்ணன். உங்கம்மா திரௌபதி, கையில மோர்ச் சொம்பு. உன் தங்கச்சி கவிநிலா, அப்போ ரெண்டாங்கிளாஸ். மலை சுத்த வந்த என் தம்பி சின்னசாமி. பக்கத்து வீட்டு இருசப்பன். சைக்கிள் கடை ஜானி பாஷா. பழைய இரும்பு எடுக்கற முருகையன், தள்ளுவண்டியோட. அப்புறம் நீ, நான்.

இத்தனை பேர் பாக்க உங்கப்பன் உன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கினு வந்து முருகையன் வண்டியில போட்டான். "விளையாடி விளையாடி எரிச்சிட்டான், நாளைக்கு வீட்டையும் எரிப்பான்"னான். சின்னசாமி சிரிச்சான். இருசப்பன், படிக்கிற புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேட்டான். ஜானி பாஷா மட்டும் தலையைக் குனிஞ்சிக்கினாரு. வேலூர்ல பழைய சாமான் ஒவ்வொண்ணாத் தேடி வாங்கி நீ சேத்த பொட்டி அது. காலையில முதல் பஸ்ஸுல மெட்ராசுக்குப் போயிட்டே. அதோட தீபத்துக்கும் வரல, பொங்கலுக்கும் வரல.

இப்போ விஷயம். எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும். கவிநிலாவுக்குன்னு நெனைக்காதே, எனக்குத்தான். நீ பாலிடெக்னிக் விட்டு வந்து அந்தப் பொட்டியில ஓட்டுவியே, சிவப்பு வண்டி. பக்கத்துல ஸ்டூல் போட்டு என்னை உக்கார வச்சி, அம்புக்குறி பட்டனை அமுக்கு ஆயான்னு சொல்லுவியே. சுரங்கப்பாதைக்குள்ள நுழையற எடத்துல இடிச்சிடுவேன். நல்லா ஓட்டிக் கத்துக்கணும்னு இருக்குது. மாட்டையும் கன்னையும் வித்த பணம் பதினெட்டாயிரம் வச்சிருக்கேன். உங்கம்மாவுக்கு முட்டி முடியல, எனக்கும் குனிஞ்சி சாணி அள்ள முடியல, அதான் வித்தோம்.

நீ வேலை செய்யற ரிச்சி தெரு கடையிலயே சாமான் வாங்கு. நீயே எடுத்துக்கினு வா. நீயே இங்க உக்காந்து மாட்டு. வேற ஆள் கை படக்கூடாது.

இதை போன்ல சொல்லலாம். ஜானி பாஷா கடை போனை எடுத்தா காத்தடிக்க வந்தவன்லாம் சைக்கிளை விட்டுட்டு என் வாயைப் பாக்கறான்.

இப்படிக்கு
ஆயா ஜோதியம்மாள்


சென்னை
17.6.2004

அன்புள்ள ஆயாவுக்கு,

உன் லெட்டரைக் கடையிலேயே ரெண்டு தடவை படிச்சேன். ஓனர் "லவ் லெட்டரா"ன்னு கேட்டார். "ஆமா சார், எழுபது வயசு, ரேஸ் கேமுக்கு சிஸ்டம் கேக்குது"ன்னேன். நம்பல. லெட்டரைக் காட்டினேன். படிச்சிட்டு, லாபம் வைக்காமப் போட்டுக் குடுடான்னார்.

பதினெட்டாயிரத்துல முடிக்கலாம். ஆனா எல்லாமே பெருசாக் கெடைக்காது. ஒண்ணை ஏத்தினா ஒண்ணை எறக்கணும். ப்ராசஸர் கொஞ்சம் மெதுவானது போதும். கிராபிக்ஸ் கார்டுதான் முக்கியம், அதுதான் ரோட்டை வரையறது. அது மட்டமா இருந்தா ரோடு விட்டு விட்டுத் தெரியும், நீ திருப்பறதுக்குள்ள வண்டி மோதிடும். மானிட்டர் பதினஞ்சு இன்ச் போடறேன். ஹார்ட் டிஸ்க் சின்னதே போதும், நீ என்ன ஆபீஸா நடத்தப்போறே.

கேபினட்டோட சேர்ந்து வர்ற பவர் சப்ளை வேணாம். தனியா நல்லதா ஒண்ணு வாங்கறேன். அதோட ஒரு யூ.பி.எஸ்.

எல்லாத்தையும் இங்கயே மாட்டி, ஒரு நாள் ஓடவிட்டுப் பாத்துட்டு, பஸ் பார்சல்ல போட்டுடறேன். ஒயருக்கும் ஓட்டைக்கும் ஒரே கலர்ல ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பறேன், கவிநிலா சொருகிடுவா. நான் வரணும்னு இல்ல ஆயா. லீவும் கெடைக்காது.

அம்மா முட்டிக்கு டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?

அன்புடன்
மாறன்


அடி அண்ணாமலை
24.6.2004

அன்புள்ள மாறனுக்கு ஆயா எழுதறது.

லாபம் வைக்காமக் குடுக்கற ஓனரு லீவு குடுக்கமாட்டாரா. அவரு பேரைச் சொல்லி நீ ஒளிஞ்சிக்காதே. பார்சல் வந்தா நான் பிரிக்கமாட்டேன். பஸ் ஸ்டாண்டுலயே கெடக்கட்டும், கழுதை மோந்து பாத்துட்டுப் போவட்டும்.

மானிட்டர் பதினேழு போடு. எனக்கு ஆபரேஷன் பண்ணது ஒத்தக் கண்ணுக்குத்தான். கார்டும் கம்மி பண்ணாதே, நீயே அதுதான் ரோடு வரையறதுன்னு எழுதியிருக்கே. பணம் பத்தலன்னா அந்தப் பவர் சப்ளை, யூ.பி.எஸ். ரெண்டையும் எடுத்துடு. அது படம் காட்டுதா, வண்டி ஓட்டுதா? பொட்டிக்குள்ள இருட்டுல கெடக்கறதுக்கு இவ்ளோ ஜாஸ்தி பணமா? கூட வர்றதே போதும்.

சின்னசாமி இந்த மாசமும் மலை சுத்த வந்தான். சோறு போட்டேன். சாம்பாரை மேலாக்கத் தெளிவாத்தான் ஊத்தறேன், அவன் தட்டுல காய் விழாது. "அக்கா, முருங்கக்கா வாசனை வருது, காயைக் காணோமே"ன்னான். அன்னைக்கு சிரிச்சியே, அதுல போச்சுன்னு சொல்லல. மனசுல சொல்லிக்கினேன்.

உங்கப்பனைப் பத்தி நீ கேக்கல. கேக்கலன்னாலும் எழுதறேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதை கடைங்களுக்கு லைட்டு கட்டறது இன்னும் அவன்தான். முன்ன மாதிரியே நம்ம வீட்டு மீட்டர்லேர்ந்துதான் லைன் இழுக்கறான். பேச்சு கம்மியாயிட்டுது.

பதினேழு இன்ச்சு. நீ வரணும்.

இப்படிக்கு
ஆயா ஜோதியம்மாள்


சென்னை
2.7.2004

அன்புள்ள ஆயாவுக்கு,

இன்னைக்குப் பௌர்ணமி. அங்க கூட்டமா இருக்கும்.

மானிட்டர் பதினேழே போட்டுடறேன், பழசு ஒண்ணு நல்ல கண்டிஷன்ல வந்திருக்கு. கார்டையும் கொறைக்கல. ஆனா பவர் சப்ளையில மட்டும் கை வைக்கமாட்டேன். ஏன்னு எழுதறேன், யார்கிட்டயும் சொல்லாதே.

போன வருஷம் மயிலாப்பூர்லேர்ந்து ஒருத்தர் எரிஞ்ச சிஸ்டம் கொண்டுவந்தார். அவங்க வீட்டுல கல்யாணம். திறந்து பாத்தா, அன்னைக்கு என்னுது உள்ள எப்படி எரிஞ்சிருந்ததோ அச்சு அப்படியே இருந்தது. விசாரிச்சா, பந்தலுக்கு லைட்டு போட வீட்டு மீட்டர்லேர்ந்து லைன் இழுத்திருக்காங்க. அதுல நியூட்ரல் ஒயர், கரண்ட் திரும்பிப் போற ஒயர், நழுவிடுச்சு. நம்மள மாதிரி மூணு பேஸ் லைன் வர்ற வீட்டுல நியூட்ரல் விட்டுப்போனா, உள்ள கரண்ட் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா ஏறிடும் ஆயா. மட்டமான பவர் சப்ளை முதல் அடியிலேயே போய், போர்டையும் சேர்த்து எரிச்சிடும்.

அன்னைக்கு அந்த நேரத்துல அப்பா கடைங்களுக்கு லைன் குடுத்துக்கிட்டிருந்தார்.

நான் விளையாடி எரிக்கல. விளையாடினா எரியற சாமான் இல்ல அது.

அப்பாவுக்கு இது தெரியாது. அவர் வேலையில குறைன்னு யாராவது ஒரு வார்த்தை சொன்னாலே சாப்பிடாமப் படுத்துக்குவாரே. தெரிஞ்சா தாங்கமாட்டார். அவர் அன்னைக்குச் சொன்னது தப்புதான், ஆனா நெஜம்னு நம்பித்தானே சொன்னார். அதை நெனச்சுத்தான் என் கோபத்தை ஒரு அளவுல வச்சிருக்கேன். இல்லன்னா எப்பவோ உங்களுக்கெல்லாம் லெட்டர் போடறதையும் விட்டிருப்பேன்.

அன்புடன்
மாறன்


அடி அண்ணாமலை
9.7.2004

அன்புள்ள மாறனுக்கு ஆயா எழுதறது.

உன் லெட்டரைப் படிச்சதும் மாட்டுக்கொட்டாய்ல போய் நின்னேன். அங்க ஒரு பல்பு இருந்திச்சே, அது அன்னைக்குத்தான் பட்டுனு வெடிச்சிது. உங்கம்மா மிக்சியும் அன்னைக்குத்தான் போச்சு. மறுவாரம் அவ அம்மியில அரைச்சது எனக்கு நெனப்பிருக்குது. ஆனா அது ரெண்டையும் உன் பொட்டியோட சேத்து நான் பாக்கல. நீ விளையாடினே, பொட்டி எரிஞ்சிது. மிக்சி என்ன விளையாடிச்சு?

நீ சொல்லாதேன்னே. நான் சொல்லல. கேட்டேன். அவன் சாப்பிட்டுக்கினு இருந்தான். "ராமகிருஷ்ணா, அந்தச் சித்ரா பௌர்ணமிக்குக் கொட்டாய் பல்பு ஏன்டா போச்சு?"ன்னேன்.

கை சோத்துலயே நின்னுடுச்சு. ரசம் ஊத்த வந்த உங்கம்மா ஊத்தாம நின்னா.

"எப்போ தெரிஞ்சிது உனக்கு?"

"அன்னைக்கேம்மா. முருகையன் வண்டி போனப்புறம் லைனைக் கழட்டிப் பாத்தேன். நியூட்ரல் முனை கறுத்துப் போயிருந்திச்சு."

"பின்ன ஏன்டா வாயைத் தொறக்கல?"

"எல்லாரும் இன்னும் வாசல்லயே இருந்தாங்க. காலையில அவன்கிட்டச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். காலையில அவன் இல்ல."

"அதுக்கப்புறம் நம்ம வீட்டுல காலையே விடியலையா?"

கை கழுவிட்டு வெளிய போயிட்டான். உங்கம்மா ரசக் கிண்ணத்தோட அங்கயே உக்காந்து அழுதா. அவளுக்கும் தெரியாது.

அவனுக்குத் தெரியாதுன்னு நீ நெனச்சிக்கினு இருக்கே. அந்த நெனப்புலதான் லெட்டரே போடறேன்னு எழுதியிருக்கே. அதனால இதை உனக்கு எழுதறதா வேணாமான்னு ரெண்டு நாள் தாளை எடுத்து எடுத்து வச்சேன். மறைச்சா அவனும் நானும் ஒண்ணு. அதான் எழுதிட்டேன்.

இனிமே உன்னை வான்னு கூப்பிட எனக்கு வாய் வரல கண்ணு. பார்சல்லயே போடு. பிரிக்கறேன்.

இப்படிக்கு
ஆயா ஜோதியம்மாள்


அடி அண்ணாமலை
24.7.2004

மாறனுக்கு, ஆயா. தபால் கார்டுதான், மேல எடம் இல்ல. பதில் காணோம். மாடு இல்லாததால காலையில எனக்கு வேலை இல்ல, வாசல்லயே நிக்கறேன். தபால்காரன் என்னைப் பாத்தா தலையை மட்டும் ஆட்டிட்டு சைக்கிளை வேகமா மிதிக்கறான். கோவம்னா கோவம்னு எழுதிப் போடு. கம்ப்யூட்டர் வேணாம், லெட்டர் போதும். ஆயா.


சென்னை
1.8.2004

அன்புள்ள ஆயாவுக்கு,

எழுத உக்காந்தா உன் பேரைத் தாண்டி ஓடல. அதான் எழுதல. உன்மேல கோபம் இல்ல.

நீ சொன்ன மாதிரி பார்சலுக்குன்னு எல்லாத்தையும் மாட்டினேன். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டேன். சிவப்பு வண்டியை நானே எடுத்து ஓட்டினேன். கார்டு நல்லா வரையுது, மலை, மரம், மழை எல்லாம். ஓனர் பாத்துட்டு, "பேக் பண்ணிடு"ன்னார். ப்ளக்கைப் பிடுங்கறப்போ ஒண்ணு தோணிச்சு. அந்த வீட்டு லைனைப் பாக்காம இதை எப்படி அனுப்பறது? இன்னொரு தரம் எரிஞ்சா? அட்டைப்பெட்டியில வச்சதை வெளிய எடுத்தேன். ஸ்குரூவெல்லாம் கழட்டி, கார்டு, போர்டு, ராம் எல்லாத்தையும் தனித்தனியா அதது டப்பாவுல போட்டுட்டேன். ஓனர் தலையில அடிச்சிக்கிட்டார்.

எட்டாம் தேதி ஞாயித்துக்கிழமை காலை பஸ்ல வர்றேன். அங்க உக்காந்து மாட்டறேன்.

அப்பாவை என்கிட்ட ஒண்ணும் பேசச் சொல்லாதே. மன்னிப்பு கின்னிப்பு வேணாம், என்னால அதைக் கேட்டுக்கிட்டு நிக்க முடியாது. எர்த் போட்டு வைக்கச் சொல்லு. ஒழுங்கான எர்த்.

அன்புடன்
மாறன்


அடி அண்ணாமலை
31.8.2004

அன்புள்ள பேரன் மாறனுக்கு ஆயா ஜோதியம்மாள் எழுதறது. நீ அனுப்பின போட்டோ வந்திச்சு. நான் மவுஸைப் பிடிச்சிக்கினு நிக்கறது எலியைப் பிடிச்ச மாதிரி இருக்குதுன்னு உங்கம்மா சிரிக்கறா.

நீ பாக்காததை மட்டும் எழுதறேன். எர்த் போடச் சொல்லி மாறன் எழுதியிருக்கான்னு சொன்னதும் உங்கப்பன் அன்னைக்கே கடப்பாரையை எடுத்தான். கொல்லையில அவன் மார் மட்டும் பள்ளம். கரி, உப்பு, கரி, உப்புன்னு அடுக்கினான். இருசப்பன் எட்டிப் பாத்துட்டு, "என்னடா, ஒரு பொட்டிக்கு இவ்ளோ ஆழமா"ன்னான். "ஆமா"ன்னான், அவ்ளோதான். நீ வர்ற வரைக்கும் தெனம் அதுல ரெண்டு குடம் தண்ணி ஊத்தினான். செடிக்குக்கூட அப்படி ஊத்தி நான் பாத்ததில்ல.

நீ வந்த அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் பேசினதெல்லாம் எனக்கு அப்படியே இருக்குது. அவன் வோல்ட் பாக்கற மீட்டரை வச்சான். "எவ்ளோ காட்டுது?"ன்னே. "ரெண்டு முப்பது"ன்னான். "நியூட்ரலுக்கும் எர்த்துக்கும்?" "ரெண்டு." "சரி." அவ்ளோதான் பேச்சு. நீ பொட்டிக்குள்ள தலையை விட்டுக்கினு ஸ்குரூ தேடினப்போ, கேக்காமலே டார்ச்சை அந்த எடத்துல அடிச்சான். நீ நிமிர்ந்து பாக்கல. ஆனா கையை நகத்தி வெளிச்சத்துக்கு எடம் விட்டே. அதை நான் பாத்தேன்.

நேத்துப் பௌர்ணமி. நம்ம வீட்டு மீட்டர்லேர்ந்து ஒரு ஒயரும் போவல. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துக் கட்டினான். வாடகையே சாப்பிட்டுடும், கையில ஒண்ணும் நிக்காதுன்னு உங்கம்மா முனகினா. அவன் காதுல போட்டுக்கல. வேலைக்கு நடுவுல உள்ள வந்து, நான் ஓட்டறதைப் பின்னாடி நின்னு பாத்தான். நான் இன்னும் இடிக்கறேன். "பிரேக்கு எதும்மா?"ன்னான். "தெரியாது, உன் புள்ளையைக் கேளு"ன்னேன்.

கேட்டிருக்கான். ஜானி பாஷா கடையிலேர்ந்து உனக்கு போன் போட்டதை அவரே வந்து சொன்னாரு. ரொம்ப நேரம் பேசலியாம். சிரிச்சானாம். தீபத்துக்கு நீ வர்றேன்னு சொன்னியாம். கேட்டதும் ஜானி பாஷாவுக்கு ஒரு டம்ளர் பாயசம் குடுத்தேன்.

நீ அவனை மன்னிச்சிட்டே. பஸ் ஏறறப்போ அவன் கையிலேர்ந்து பையை வாங்கினியே, அப்பவே தெரிஞ்சிது. நல்லதுதான் ராசா. நீ சின்னவன், ஊருக்கும் பட்டணத்துக்கும் போயி வர்றவன், கோவத்தைத் தூக்கிக்கினு பஸ் ஏறினா கைவலிதான். அதை இங்கயே விட்டுடு. உன் பங்கையும் சேத்து நான் வச்சிக்கறேன். எனக்கு வேற என்ன வேலை, மாடும் இல்ல.

அவனுக்குச் சோறு போடாம இருக்கமாட்டேன். பள்ளம் தோண்டி இடுப்பு பிடிச்சிக்கினான், நான்தான் எண்ணெய் போட்டு நீவி விட்டேன். ஆனா நாலு தீபத்துக்கு உன் எலையைப் போட்டு வெறும் எலையா எடுத்தவ நான். அந்த எலையை அவனும் பாத்துக்கினுதான் சாப்பிட்டான்.

தீபத்துக்கு வா. ஜாஸ்தி நாள் லீவு கேளு.

இப்படிக்கு
ஆயா ஜோதியம்மாள்

பின்குறிப்பு: இந்த லெட்டரை ஒட்டாமத்தான் உங்கப்பன் கையில குடுத்துப் பெட்டியில போடச் சொல்றேன். வழியில நின்னு படிச்சாலும் படிக்கட்டும். ஜோதியம்மா மன்னிக்கமாட்டேன்னு சொல்றது யாரைன்னு அவனுக்கு சந்தேகம் இருக்கக்கூடாது, அதனால பேரையும் எழுதிடறேன். ராமகிருஷ்ணனை.