ஆ காட்டுங்க, டீச்சர்

டீச்சர்,

இன்று காலை கிளினிக்கில் ஒரு பெரியவர் வாயைத் திறந்தார். குப்பென்று கிராம்பு வாசம். நீங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள். உங்கள் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்த யாருக்கும் அந்த வாசம் மறக்காது. பாடம் நடத்தும்போதெல்லாம் உங்கள் கன்னத்தில் ஒரு கிராம்பு ஒதுங்கியிருக்கும்.

அந்தப் பெரியவர் சுங்கைப் பட்டாணி டவுனில் மளிகைக் கடை வைத்திருப்பவர். காசநோய். மாத்திரையை எங்கள் கண் முன்னால் விழுங்கி, வாயையும் காட்ட வேண்டும் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன சின்னப் பிள்ளையா? என்னைய நம்பலயா டாக்டர்?"

"நம்புறேன் ஐயா. நாக்கையும் கொஞ்சம் தூக்குங்க."

இருபது வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அலுத்துவிட்டது டீச்சர். ஆறு மாத மருந்து என்றால் மீன் வாங்குவதுபோல் பேரம் பேசுகிறவர்கள், இருமலை 'உடம்புச் சூடு' என்று மறைக்கிறவர்கள், கொஞ்சம் தேறியதும் காணாமல் போகிறவர்கள். சாயங்காலம் காரில் ஏறினால் சாவியைத் திருப்பக்கூடத் தெம்பு இருப்பதில்லை.

ஆனால் இந்த வேலையை நான் முதலில் பார்த்தது உங்களிடம்தான். கோலா கெத்தில் பக்கத்தில் நம் தோட்டப் பள்ளியில், பூச்சி மாத்திரை கொடுக்கும் நாளில், வரிசை வரிசையாக வந்து "ஆ காட்டு" என்பீர்கள். நான் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உங்களை ஏமாற்றிவிட்டு, ரப்பர் மரத்தடியில் துப்பப் போனேன். பின்னாலேயே வந்து நின்றீர்கள். பிரம்பை எடுக்கவில்லை. இன்னொரு மாத்திரையை நீட்டினீர்கள்.

"வாயாடி, கன்னத்துல ஒதுக்குற வித்தை எனக்கா தெரியாது? உன்னைய நம்புறேன்டி. ஆனா நம்புறது மனசோட வேலை, பாக்குறது கண்ணோட வேலை."

பணி ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து இருமிக்கொண்டே என் அறைக்கு வந்தீர்கள். பாதியாக இளைத்திருந்தீர்கள். சளியில் கிருமி இருந்தது. "எங்க ஊரு கிளினிக்கு வேணாம்மா. அங்க ஊசி போடுற மிஸ்ஸி என்கிட்ட படிச்ச பிள்ள. நாளைக்கே தோட்டம் பூரா தெரிஞ்சிடும்லா" என்றீர்கள். மகள் வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் காலையில் என்னிடம் வந்தீர்கள்.

எங்கள் தாதி, "நான் பாத்துக்குறேன் டாக்டர்" என்றார். "வேணாம், அவங்க என்னோட டீச்சர்" என்று நானே மாத்திரை கொடுத்தேன். நீங்கள் தண்ணீர்க் குவளையைத் தூக்கும்போது நான் தலையைக் குனிந்து மருந்து அட்டையில் கையெழுத்துப் போடுவேன். ஊரையே வாயைத் திறக்கச் சொன்னவளுக்கு உங்களிடம் கேட்க நாக்கு எழவில்லை. நீங்கள் உள்ளே வந்தாலே நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறவள் நான்.

இரண்டு மாதமாகியும் கிருமி போகவில்லை. பரிசோதனைக் கூடத்தைச் சந்தேகப்பட்டேன். மாத்திரையைச் சந்தேகப்பட்டேன். உங்களை மட்டும் சந்தேகப்படவில்லை. வார்டில் சேர்த்த அன்று நீங்களே சொன்னீர்கள்.

"ஒண்ணைத்தான்மா முழுங்குவேன். மிச்சத்த வெளிய போயி துப்பிடுவேன். வயித்தப் பெரட்டும். உனக்கு டீச்சரா இருந்துட்டு, வாந்தி வருதுன்னு உன்கிட்ட எப்படிம்மா அழுவேன்? நீயே கேப்பேன்னு தினமும் பாத்தேன்."

நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். கேட்டிருந்தால் குமட்டலுக்கு ஒரு மாத்திரை எழுதியிருப்பேன். அவ்வளவுதான் விஷயம்.

அரைகுறை மருந்துக்குக் கிருமி பழகிவிட்டது. புது மருந்துகளைத் தாங்க உங்கள் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. கடைசி வாரத்தில் ஒரு நாள், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினீர்கள். பிறகு, நான் கேட்காமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினீர்கள். அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் விழுங்கியிருந்தீர்கள்.

"சரியாம்மா?" என்றீர்கள்.

"சரி டீச்சர்" என்றேன். சரியில்லை என்று நம் இருவருக்கும் தெரியும்.

இப்போது நான் யாரையும் விடுவதில்லை. கோயில் குருக்கள், போலீஸ்காரர், என் சொந்தப் பெரியப்பா, எல்லோரிடமும் கேட்டுத் திட்டு வாங்குகிறேன். பெரியவர்களிடம் கேட்கும்போது குரல் இன்னும் இறங்கித்தான் போகிறது. ஆனால் கண்ணை எடுப்பதில்லை. வாயைப் பார்த்த பிறகு, "வயித்தப் பெரட்டுதா?" என்றும் கேட்கிறேன். பலர் கீழே பார்த்துக்கொண்டே ஆமாம் என்கிறார்கள். அதற்கு மருந்து எழுதிக் கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை, டீச்சர்.