மருந்துக்கடைக்காரருக்கு வந்த கோபம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்குகிற நேரத்தில் தூங்கி சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நீ மூக்கை உறிஞ்சினாலே போதும், நான் சரி சரி என்று தலையாட்டிவிடுவேன், அதனால்தான் கடை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா உள்ளே ஒரு குழந்தையைப் படமெடுக்கப் படாத பாடு படுகிறார், அது கேமராவைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் பார்க்கிறது. வீட்டு முன்பக்கத்துக்குப் பெயின்ட் அடித்தாயிற்று, நீ சொன்ன நிறத்திலேயே திரைச்சீலை வாங்கிவிட்டேன், மாப்பிள்ளை வீட்டார் தங்க மாடி அறையையும் ஒழித்து வைத்திருக்கிறேன். குளியலறைக் குழாய் மட்டும் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று டிமிக்கி கொடுக்கிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் இங்கே இருக்கிற இரண்டு நாளும் அப்பா வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள் என்று சொல்லியிருந்தாய். உன் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களை ஸ்டூலில் உட்கார வைத்து, முகவாயை நிமிர்த்தி, காலரைச் சரிசெய்து, பட்டனை அமுக்கப் போகிற நேரத்தில், தீர்ப்பு நாள் நெருங்கிடுச்சு, மனசைச் சுத்தம் பண்ணிக்கோங்க என்று சொல்வது நீ பிறப்பதற்கு முன்பிருந்தே உன் அப்பாவுக்கு வழக்கம். பலன், இந்த ஊரில் பாதிப் பேர் அடையாள அட்டையில் பக்கத்தில் இடி விழுந்த மாதிரி முழித்துக்கொண்டிருக்கிறார்கள். படங்களை வெட்டுகிறவள் நான், எனக்குத் தெரியாதா. கல்லூரிப் பையன்கள் தங்கள் படங்களை வரிசையாகப் போட்டு, உலகம் அழியுதாம் என்று எழுதிப் போனில் சுற்றவிட்டதும், அது எப்படியோ நீ இருக்கிற ஊர் வரைக்கும் வந்து உன் வருங்கால நாத்தனார் உன்னிடமே காட்டி விழுந்து விழுந்து சிரித்ததும், எடுத்தது என் அப்பா என்று சொல்ல வாய் வராமல் நீயும் கூடச் சிரித்ததும் நீ சொல்லி எனக்குத் தெரியும் கண்ணு.

அப்பாவிடம் பக்குவமாகச் சொன்னேன். குதிப்பார் என்று நினைத்தேன், குதிக்கவில்லை. பொண்ணுக்காகத்தானே, இன்னைக்கே ஆரம்பிச்சுப் பழகிக்கறேன் என்றார். அன்றிலிருந்து நேரா பாருங்க, அசையாதீங்க, முடிஞ்சுது, அவ்வளவுதான். படங்கள் லட்சணமாக வந்தன. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தால் மனுஷர் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், ரேடியோவைக் கூடப் போடுவதில்லை.

அப்படியிருக்கும்போது எதிர்க்கடை மருந்துக்கடைக்காரர் படமெடுக்க வந்தார். உனக்குத்தான் தெரியுமே அவரை, சாமியும் கிடையாது ஒரு கத்தரிக்காயும் கிடையாது என்கிறவர். அப்பா சொல்வதற்கு இந்தத் தெருவில் முதலில் சிரித்தவர் அவர்தான், தீர்ப்பு நாளன்னிக்குக் கடை லீவா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் போவார். மனைவி போனபிறகு தனி ஆள், மகன் கூப்பிட்டானென்று வெளிநாடு கிளம்புகிறார். உட்கார்ந்தார், அப்பா முகவாயை நிமிர்த்தினார், எடுத்தார், முடிஞ்சுது என்றார். அவர் எழுந்திருக்கவில்லை. என்னப்பா, ஒண்ணும் சொல்லலியா என்றார். அப்பா லென்ஸைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான், அவருக்கு வந்ததே கோபம். ஊரையே உக்கார வச்சுச் சொன்னியே, நான் மட்டும் தேறாத கேஸுன்னு முடிவு பண்ணிட்டியா, என்னைக் கைகழுவிட்டியா என்று ஸ்டூலில் இருந்தபடியே சத்தம் போட்டார். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் நடுவில் புகுந்து, இப்ப யாருக்குமே சொல்றதில்லீங்க, பொண்ணு கல்யாண விஷயம் என்று நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் அடங்கினார். பிறகு, நான் இதுல ஒரு வார்த்தை நம்பினதில்லம்மா, இப்பவும் நம்பல, ஆனா செத்த பிறகு நான் என்ன ஆவேன்னு கவலைப்பட இவன் ஒருத்தன்தான் இருந்தான், அதையும் நிறுத்திட்டீங்களா என்றார். அப்பா கேமராவை மறுபடி எடுத்து, வழக்கமாகச் சொல்வதை ஒரு வார்த்தை குறையாமல் சொன்னார். அவரும் வழக்கம்போலச் சிரித்தார். முதலில் எடுத்த படம் வேண்டாம் என்றுவிட்டார், சிரிக்கிற படமோ பாஸ்போர்ட்டுக்கு ஆகாது என்பதால் மூன்றாவது தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

நீ நம்பறியாம்மா என்று அன்றைக்கு என்னைக் கேட்டாய். நாள் நெருங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டே பத்து வருஷ உத்தரவாதம் இருக்கிற விளக்காகப் பார்த்து வாங்குகிறவர் உன் அப்பா, கேட்டால் அதுவரைக்கும் வெளிச்சம் வேணாமா என்பார். அந்த நாள் வருமோ வராதோ, எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, அது அவருக்கும் தெரியும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் நல்லபடியாகக் கரையேற வேண்டுமே என்று இவர் தவிப்பது நிஜம், அதைப் பக்கத்திலேயே இருந்து பார்க்கிறேன். அந்த மனுஷரோடு நான் சந்தோஷமாகத்தான் வாழ்கிறேன்.

கடையில் இப்போது பழையபடி ஆரம்பித்துவிட்டார். ஆனால் சம்பந்தி வீட்டாரிடம் மட்டும் பேச மாட்டாராம். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, வாக்குக் கொடுத்தது மகளுக்கு, அவ சொல்லட்டும் என்கிறார். நீ விரும்பினால் அந்த இரண்டு நாளும் வாயைத் திறக்கவே மாட்டார், அதற்கு நான் பொறுப்பு. அவர்கள் நல்லபடியாக வந்து சாப்பிட்டு, பேசி, திருப்தியாகக் கிளம்புவார்கள். ஆனால் ஒன்று யோசித்துப் பார். நடுவில் அந்தக் கொஞ்ச நாளைத் தவிர்த்தால், இத்தனை வருஷத்தில் அவர் எச்சரிக்காமல் வழியனுப்பிய ஒரே குடும்பம், அவர் மகள் வாழப்போகிற குடும்பமாக இருக்கும்.

மனசுக்குப் பிடித்தவனோடு நீ குறைவில்லாமல் வாழ வேண்டும், போகிற வீட்டில் உனக்கு நல்ல பேர் நிலைக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. போன் பண்ணும்போது என் நம்பருக்குப் பண்ணாதே, அப்பா நம்பருக்குப் பண்ணு.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா