தனுவின் காட்டில் ஒரு சுருக்கு

தானா ராத்தா,
9 மார்ச் 2025

அன்புள்ள சிந்தியா,

கோலாலம்பூர் வெயில் உன்னை வாட்டாமல் இருக்க வேண்டும். நீ செய்த காட்டு விளையாட்டு எங்கள் தோட்டப் பள்ளிக்கு வந்துவிட்டது. காட்டையே கண்முன் காட்டும் அந்த மெய்நிகர் கண்ணாடியை மாட்டியதும் என் மகள் தனுஜா தரையில் தவழ்ந்தாள். எதிரே ஒரு தபீர், குட்டித் தும்பிக்கை வைத்த அந்தக் காட்டு மிருகம். கறுத்த உடம்பில் வெள்ளைத் துணி போர்த்தியது போல. கால் கம்பிச் சுருக்கில். அவள் கத்தரித்ததும் எழுந்து நடந்தது. இந்த மலையிலேயே பிறந்தும் நான் தபீரைப் பார்த்ததில்லை. மாட்டிப் பார்த்து அழுதேவிட்டேன். கல்லூரியிலேயே நீ கெட்டிக்காரி. இது அதற்கும் மேலேடி.

ஆனால் ஒரு குறை. நேற்று தனு தன் அப்பாவின் மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து கம்பி அறுக்கும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு காட்டோரம் போய்விட்டாள்.

"கம்பி இருந்தா அறுத்துட்டு வந்துடுறேன் லா, ம்மா!"

கை மாட்டியிருந்தால்? இன்னொரு பயமும் இருக்கிறது. எங்கள் சர்க்கரைவள்ளிப் பாத்தியில் காட்டுப்பன்றிக்குச் சுருக்கு வைப்பதே அவள் அப்பாதான். தெரிந்தால் அவரை எப்படிப் பார்ப்பாள்?

கலங்கிப்போன
சுபத்ரா

கோலாலம்பூர்,
18 மார்ச் 2025

சுபா,

விளையாட்டைச் செய்தபோது மிருகத்தின் காலை மட்டுமே நினைத்தேன். பிள்ளையின் கையை நினைக்கவில்லை. மாற்றிவிட்டேன். இனி பிள்ளை தொட்டால் சுருக்கு அவிழாது. தள்ளி நின்று பெரியவரைக் கூப்பிட வேண்டும். அவரும் கண்ணாடி மாட்டி, கத்தரிக்கலாம், கையாலும் தளர்த்தலாம். உன் வீட்டுக்காரர் புனிதன் அண்ணனையே அழைத்துப் போயேன்.

உன்
சிந்தியா

தானா ராத்தா,
27 ஏப்ரல் 2025

அன்புள்ள சிந்தியா,

தாமதத்துக்குத் திட்டாதே. என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இருந்தேன்.

அவர் பள்ளிக்கு வந்தார். "என்னா லா இது, குதிரைக்குக் கண்ணைக் கட்டுற மாதிரி?" என்று சிரித்துக்கொண்டே மாட்டினார். தனு தள்ளி நின்று, "அப்பா, வாங்க! கம்பி!" என்று கத்தினாள். அவர் கத்தரியைத் தேடவே இல்லை. குனிந்தார், விரல்கள் நேரே முடிச்சுக்குப் போயின. ஒரே இழுப்பில் சுருக்கு தளர்ந்தது.

"அப்பா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பொய் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"நான் கட்டுறதுதான், தனு."

அவள் அவரை விட்டுவிட்டுத் தனியே வீட்டுக்கு நடந்தாள். சாயங்காலம் அவரே அவளைப் பாத்திக்குக் கூட்டிப் போனார். "அங்கயே நில்லு" என்று தூரத்தில் நிறுத்திவிட்டுச் சுருக்கை அவிழ்த்தார். பிறகு கம்பியைத் துண்டாக்கக் குறடு கொண்டுவந்து நீட்டியது அவள்தான்.

சுருக்கு இல்லாததால் பன்றிகள் பாதிக் கிழங்கைத் தின்றுவிட்டன. நேற்று காலை பாத்தியில் குனிந்தவர், "தனு, ஓடியா! இது பன்னி இல்ல" என்றார். சேற்றில் தபீரின் மூன்று விரல் தடம், சுருக்கு இருந்த இடத்தைக் கடந்து காட்டுக்குள் போயிருந்தது. அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

அது நீ செய்த காட்டிலிருந்து வந்ததாகவே அவள் நம்புகிறாள். நான் மறுக்கவில்லை.

உன்
சுபத்ரா